நடுவில் நின்ற குரல்

என் காரின் டாஷ்போர்டுக்குள், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மஞ்சள் கிரேயானில் எழுதிய ஒரு ‘1’ இருக்கிறது. ஸ்டீரியோவின் தகர உடம்பில், பக்கவாட்டில், ஒரு விரல் நீளத்துக்கு. கடைக்காரர் அந்தச் செட்டைக் குழிக்குள் தள்ளிப் பொருத்தப் போன நேரத்தில், “ஒரு நிமிசம்” என்று கையை நீட்டி நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து கிரேயானை எடுத்து எழுதினார் பாய். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, “முடிஞ்சது சார். ஃபர்ஸ்ட்டு” என்றார். அதன்மேல் திருகாணி முடுக்கி, பிளாஸ்டிக் சட்டத்தை மாட்டி மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த எழுத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் காலையில் சாவியைத் திருகி, ஸ்டீரியோவின் சின்ன விளக்கு எரியும்போது அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

பாய் எங்கள் தோல் தொழிற்சாலையில் செலக்டர். ஆம்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, பளபளப்பு கொடுத்து முடித்த தோல் கடைசியில் செலக்டரின் மேசைக்கு வரும். இது முதல் தரமா, இரண்டா, மூன்றா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே அந்த மேசை இருக்கும். நேர் வெயில் படக்கூடாது, விளக்கும் கூடாது. இரண்டு ஆட்கள் தோலை விரிப்பார்கள். பாய் ஒரு முறை பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால் பக்கம் வரை ஒரு தடவல், வயிற்றுப் பக்கம் ஒரு தடவல். தோலைத் திருப்பி உள்பக்கத்தில் கிரேயானால் எண்ணைப் போடுவார். இரண்டு விரலை மட்டும் லேசாக முன்னால் அசைப்பார். அடுத்ததைப் போடு என்று அர்த்தம். மேசையில் நிற்கும்போது அவர் பேசி நான் பார்த்ததில்லை.

அவர் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. விலை உயர்ந்த சரக்கு என்றால் இரண்டாவது செலக்டர் ஒருவரும் பார்ப்பார். அவர் முடிவு சொல்லும்வரை முதலாமவர் போட்ட எண் அவர் கண்ணில் படக்கூடாது. ஒரு தடவை புதிதாக வந்த இரண்டாமவர் தோலைப் புரட்டி எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாய்க்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். “என் எழுத்தைப் பாத்து எழுதறதுக்கு நீங்க எதுக்குங்க? உங்க கை இன்னா சொல்லுதோ அதைச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் அது உங்க தப்பா இருக்கட்டும்” என்றார். இதை நான் ஃபினிஷிங் பிரிவின் வாசலில் நின்று என் காதால் கேட்டேன். அதை மட்டும் ஒழுங்காக மனதில் வாங்கியிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

நான் அங்கே ஃபினிஷிங் சூப்பர்வைசர். வீடு காட்பாடியில். மனைவி குவைத்தில் நர்ஸ். வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். போன் செய்தால் “சொல்லுப்பா” என்று ஆரம்பித்து “சரிப்பா” என்று முடித்துவிடுவான். வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது தொலைக்காட்சிதான். ஒரு மழைநாளில் கொணவட்டம் பேருந்து நிறுத்தத்தில் பாய் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அடுத்த நாளும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஏழேகால் மணிக்கு அவர் அங்கே நிற்பதும், நான் போய் நிற்பதும், இடப்பக்கக் கதவைத் திறந்து “இன்னா சார், தூங்கினீங்களா?” என்றபடி அவர் ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. ஆம்பூர் வரை ஐம்பது நிமிடம், திரும்பி வர ஐம்பது நிமிடம். அந்த நூறு நிமிடங்கள்தான் என் நாளில் மனிதக் குரலோடு கழிந்த நேரம். அப்போது அதை நான் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

காரோடு வந்த பழைய ஸ்டீரியோ ஒரு கோடையில் கரகரக்க ஆரம்பித்தது. அதை மாற்றுவதென்று முடிவானதும் எனக்குள் இருந்த பழைய கர்வம் தலை தூக்கியது. சின்ன வயதில் சர்ச் கொயரில் பாடியவன் நான். சுருதி விலகினால் முதலில் திரும்பிப் பார்ப்பது நானாகத்தான் இருக்கும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், மற்றவர்களைவிட நன்றாகக் கேட்கும் என்று நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே எந்தச் செட்டு வாங்குவது என்பது எனக்கு மானப் பிரச்சினை மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதம் மொபைலில் மதிப்புரைகளைப் படித்தேன். வாட்டு, இரைச்சல் அளவு, உள்ளே இருக்கும் சில்லு என்று காலையில் படித்ததைக் காரில் பாயிடம் ஒப்பிப்பேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் சரி சார். கேட்டுப் பாக்காம எப்படி எடுப்பீங்க? தோலை போட்டோல பாத்து தரம் போடுவீங்களா?” என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலூரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் முதலில் ஒரு பெரிய தொடுதிரையைத்தான் காட்டினார்கள். வீடியோ பார்க்கலாம், பின்னால் கேமரா வைக்கலாம், பதினாறு நிறத்தில் விளக்கு எரியும். “பாட்டு எப்படிப் பாடும்?” என்று பாய் கேட்பார். “சூப்பரா இருக்கும் பாய்” என்பார்கள். “அது கண்ணுக்குத்தான் கடை விரிக்குது சார், வாங்க” என்று வெளியே வந்துவிடுவார். மூன்றாவது ஞாயிறு ஒரு சின்னக் கடையில் நாங்கள் தேடிய ஆள் கிடைத்தார். முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். சுவரில் ஒரு பலகை. அதில் மூன்று செட்டுகள், ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர். ஒரு சுவிட்சைத் திருப்பினால் எந்தச் செட்டு வேண்டுமோ அது அந்த ஸ்பீக்கர்களில் பாடும்.

அங்கே பாய் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே வேறு ஒன்றும் வருகிறது. முதலில் மூன்றிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார். “சத்தம் ஜாஸ்தியா இருக்கறது எப்பவும் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். கம்மி பண்ணி சமமா வைங்க.” பிறகு ஒரு பழைய பாட்டைப் போடச் சொன்னார். ஒரே ஒரு பெண் குரல், பின்னால் ஒரு வயலின், மெதுவாக ஒரு தபேலா. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என்னையும் அப்படியே உட்காரச் சொன்னார். “எது ஓடுதுன்னு நாம பாக்கக் கூடாது. நம்பர் மட்டும் சொல்லுங்க.” கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுவிட்சில் கை வைத்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வலது உள்ளங்கை தொடைமேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஒன்று முடிந்ததும், “அடி லூசா இருக்குது. வயித்துத் தோல்” என்றார். தபேலாவின் கனத்த பக்கம் தொளதொளவென்று கேட்டதைச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. இரண்டு ஓடியது. எனக்கு அது பிடித்துவிட்டது. வயலின் சுடர்விட்டது, குரலில் ஒரு மினுமினுப்பு. இதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பாயின் கை தொடைமேல் நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்று ஓடியது. அவர் கை நின்றது. பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டு, “ரெண்டாவதுல மேல பாலிஷ் ஜாஸ்தி. ஒரு வாரம் கேட்டா தலை வலிக்கும். மூணாவதுல புடிப்பு இருக்குது. அந்த அம்மா மூச்சு எடுக்கறது கேக்குது பாருங்க. நீங்க இன்னா சொல்றீங்க?” என்றார்.

நான் இரண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். “மூணுதான் பாய், நானும் அதேதான் நினைச்சேன்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மூன்றாவது செட்டு ஒன்றுமே இல்லாத கறுப்புப் பெட்டி. திரை இல்லை, ஒரு வரி எழுத்து ஓடும் கண்ணாடி, நடுவில் ஒரு குமிழ். குவைத்திலிருந்து வரும்போது பார்த்தால் பழைய சாமான் வாங்கி வந்தாயா என்று மனைவி கேட்கப் போகிற பெட்டி. அதைத்தான் எடுத்தோம்.

பொருத்தும்போது கடைக்காரர் வலப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டீரியோவுக்கு முன்னால் குனிந்திருந்தார். அதனால் பாய் வழக்கம்போல இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மஞ்சள் ‘1’ எழுதி மூடும்வரை நானும் பக்கத்தில் நின்றுவிட்டு, எதிர்க் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அதற்குப் பிறகுதான் பாட்டைப் போட்டார்கள். கடைக்காரர் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தார். பாய் கண்ணை மூடியபடி கையால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினார். கடைசியில் உள்ளங்கையை விரித்து ‘போதும்’ என்றார். இது முழுவதையும் சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததற்கு அர்த்தம் இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலை கொணவட்டத்தில் ஏறியதும் கைக்குட்டையை எடுத்துக் குமிழைத் துடைத்தார். அதே பாட்டைப் போடச் சொன்னார். பள்ளிகொண்டா நெருங்கும்போது கையை உயர்த்தி, முன்கண்ணாடிக்குக் கீழே, எங்கள் இருவருக்கும் நேர் நடுவில் ஒரு இடத்தைக் காட்டினார். “குரல் அங்க நிக்குது சார். பொட்டியில இருந்து வரல. கதவுல இருந்து வரல. அந்த அம்மா அங்க நின்னு பாடறாங்க. உங்களுக்கும் நிக்குதா?”

எனக்கு நிற்கவில்லை. எனக்குக் குரல் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், கதவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. முழுக்க முழுக்க அங்கிருந்துதான் வந்தது. ஆனால் கொயரில் பாடியவன், ஒரு மாதம் மதிப்புரை படித்தவன், தோல் தடவுகிற மனிதருக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? “நிக்குது பாய்” என்றேன். “அடடா, நல்லா நிக்குது” என்று சேர்த்தும் சொன்னேன்.

அதன் பிறகு அது எங்கள் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. ஏறுவார், குமிழைத் துடைப்பார், பாட்டு ஓடும். “நிக்குதா?” என்பார். “நிக்குது பாய்” என்பேன். மூன்று வருடம். சில நாள் அவர் பேசாமலே வருவார், மாதனூர் தாண்டி ஆம்பூரின் தோல் வாசனை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும்போதுதான் கண்ணைத் திறப்பார். மகளின் கல்யாணக் கவலை, முட்டி வலி, முதலாளி வீட்டுப் பேச்சு எல்லாம் அந்தப் பாட்டுகளுக்கு நடுவில்தான் சொன்னார். என் மனைவி குவைத்தில் ஒரு குளிர்காலத்தில் நோயில் படுத்த செய்தியை நான் முதலில் சொன்னதும் அவரிடம்தான். ஒரு வாரம் தினமும், “தங்கச்சி எப்படி இருக்காங்க?” என்ற பிறகுதான் “நிக்குதா?” என்று கேட்டார்.

மாலையில் அவரை இறக்கிவிட்டுக் காட்பாடிக்குத் தனியாகப் போகும் இருபது நிமிடத்தில் அந்தக் குரலைத் தேடுவேன். பாலாற்றுப் பாலத்து நெரிசலில் வண்டி நிற்கும்போது தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்ப்பேன். ஒருமுறை பக்கத்து ஆட்டோக்காரர், “இன்னா சார், கழுத்து புடிச்சிக்கிச்சா?” என்று கேட்டார். குரல் கதவை விட்டு அசையவில்லை. என் காது போய்விட்டது என்று ஒரு நாள் நினைப்பேன். இல்லை, பாய் சும்மா கற்பனை செய்கிறார் என்று இன்னொரு நாள் நினைப்பேன். போகப்போக இரண்டாவது நினைப்பே எனக்கு வசதியாக இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

அது வெளியே வந்த நாளைச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய ஒரு லாட். என் பிரிவில் முடித்து அனுப்பிய சரக்கு. கப்பல் தேதி நெருங்கிவிட்டது. பாய் அதில் பாதிக்கு மேல் மூன்றாம் தரத்தில் போட்டுவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் செலக்‌ஷன் மேசைக்குப் போனேன். தோல் விரிப்பவர்கள், பேக்கிங் ஆட்கள், மேனேஜர் என்று பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

“மெஷின்ல அளந்தாச்சு பாய். தடிப்பு கரெக்டா இருக்கு. எதுக்கு மூணுல போட்டீங்க?” என்றேன்.

“தடிப்பு சரிதான் சார். மேல்தோல் உள்ள ஒட்டல. லூசு. ஷூ தெச்சு நாலு நாள் நடந்தா சுருக்கம் விழுந்துரும்” என்றார்.

“எனக்குத் தெரியலையே.”

“கை வெச்சுப் பாருங்க.”

கை வைத்துப் பார்க்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே சொன்னேன்: “இவர் என் கார்ல தினமும் இல்லாத ஒரு அம்மாவை நடுவுல நிக்க வெச்சு பாட்டு கேக்கறவரு சார். இல்லாததைக் கேக்கறவருக்கு இல்லாத லூசு கைல தட்டுப்படறதா கஷ்டம்?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேசையில் கிடந்த துணியில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அப்போ நிக்குது, நிக்குதுன்னு சொன்னீங்களே சார்?” என்றார்.

“உங்க மனசு நோவக் கூடாதுன்னு சொன்னேன் பாய்.”

“மூணு வருசமாவா?”

நான் மேசையில் விரித்திருந்த தோலைப் பார்த்தேன். “கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான். தரம் போட்டதை மேனேஜர் மாற்றச் சொன்னார். பாய் மாற்ற மாட்டேன் என்று சொல்லிக் கிரேயானை மேசைமேல் வைத்துவிட்டார். இரண்டாவது செலக்டர் மாற்றி எழுதினார். லாட் போனது. இரண்டு மாதத்தில் சுருக்கம் என்று புகாரோடு திரும்பியும் வந்தது. அதைப் பற்றிப் பாய் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மாலை அவர் காருக்கு வரவில்லை. மறுநாள் காலை ஏழேகாலுக்குக் கொணவட்டத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார், பேருந்துக்கு. வண்டியை அவர் பக்கத்தில் ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெறுப்பு இல்லை. வலது கையில் இரண்டு விரலை மட்டும் லேசாக முன்னால் அசைத்தார். மேசையில் ஆயிரம் முறை பார்த்த அதே அசைவு. போங்க, அடுத்தது.

மறுநாளும் நிறுத்தினேன், அதே இரண்டு விரல். மூன்றாம் நாள் நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு குறைக்கவும் இல்லை. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து, “தப்பா பேசிட்டேன் பாய்” என்று சொல்ல எத்தனை வினாடி ஆகியிருக்கும்? லாட் திரும்பி வந்தபோது போயிருக்கலாம். ரம்ஜானுக்குப் போயிருக்கலாம். தோல் விஷயத்தில் தோற்றாலும் குரல் விஷயத்தில் நான்தான் சரி என்று ஒரு பிடிவாதம் உள்ளே உட்கார்ந்திருந்தது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அவர்தானே சொன்னார் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில் எல்லோரோடும் கை குலுக்கினார், என்னோடும் குலுக்கினார். உள்ளங்கை மெத்தென்று இருந்தது. கையை விட்டுவிட்டு வரிசையில் நகர்ந்தேன்.

அவர் இறந்த செய்தி தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மதிய வேளையில் வந்தது. நெஞ்சு வலி. கொணவட்டத்தில் அவர் வீடு எது என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடம் நிறுத்தத்தில் ஏற்றி நிறுத்தத்தில் இறக்கியவன், சந்துக்குள் ஒருமுறையும் போனதில்லை. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பாயின் உடலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்களோடு கடைசி வரிசையில் நடந்தேன். திரும்பும்போது அவர் மகன் என் அருகில் வந்து, “கார் சார்தானே நீங்க? அப்பா வீட்டுல பாட்டே போட விடமாட்டாரு. சாரோட வண்டியில கேட்டதுக்கப்புறம் இதெல்லாம் ஒரு பாட்டான்னு சொல்வாரு” என்றான். சண்டையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பாய் வீட்டில் சொல்லவே இல்லை.

இது நடந்து ஏழெட்டு மாதம் கழித்து, போன சித்திரையில், பிரேக் மாற்ற வண்டியைக் காட்பாடியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். வேலை முடிந்ததும், “வாங்க சார், ஒரு ரவுண்டு போய் பாத்துட்டு வந்துரலாம்” என்று அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினேன். இத்தனை வருடத்தில் என் சொந்தக் காரின் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் சாவியைத் திருகினார். நான் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. அதே பழைய பாட்டு.

குரல் நடுவில் நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே, பாய் கையை நீட்டிக் காட்டிய அதே இடத்தில். பெட்டியிலிருந்து வரவில்லை, கதவிலிருந்து வரவில்லை. ஒரு பெண் அங்கே நின்று பாடினாள். மூச்சு எடுப்பது கேட்டது. மெக்கானிக் பிரேக்கை அழுத்தி, “இப்ப எப்படி இருக்கு சார்?” என்றார். “நிறுத்தாதீங்க, அப்படியே போங்க” என்றேன். அவர் விருதம்பட்டு வரை போய்த்தான் திருப்பினார். 

நேராக வேலூர்க் கடைக்குப் போனேன். அதே ஆள்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், ஒயர் இடம் மாறியிருக்கும் என்று செட்டை வெளியே இழுத்தார். அந்த மஞ்சள் ‘1’ வெளியே வந்தது, துளியும் அழியாமல். ஒயர் சரியாகத்தான் இருந்தது. பிறகு பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இது லெஃப்ட் சீட்டுக்கு வெச்சிருக்கு. பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் சத்தம் முன்னாடி வந்து சேரும், தூரத்துல இருக்கறது லேட்டா வரும். அதனால கிட்ட இருக்கறதை ஒரு துளி தாமதமா பாட வெப்போம். ரெண்டும் ஒண்ணா வந்து சேர்ந்தா குரல் நடுவுல நிக்கும். ஆனா ஒரு சீட்டுக்குத்தான் அப்படி வெக்க முடியும். அன்னிக்கி அந்தப் பாய்தானே கேட்டு ஓகே சொன்னாரு? அவர் உக்காந்த சீட்டுக்கு வெச்சேன்.”

“அப்போ என் சீட்ல?”

“உங்க சீட்ல ஒரேயடியா வலது கதவுக்கு இழுத்திருக்குமே! கேக்க பேஜாரா இருந்திருக்கும். இத்தனை வருசம் ஏன் சார் சொல்லல?”

ஏன் சொல்லவில்லை. இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு ஒரே பாட்டு இரண்டு விதமாகக் கேட்டது. அவருக்குக் கேட்டதும் உண்மை, எனக்குக் கேட்டதும் உண்மை. அந்தக் காருக்குள் இருந்த ஒரே பொய் நான் சொன்னதுதான். முதல் நாள் காலையில் “எனக்கு நிக்கல பாய், கதவுல இருந்துதான் வருது” என்று சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பாரா? வண்டியை ஓரம் கட்டச் சொல்லியிருப்பார். “இங்க வந்து உக்காருங்க” என்று இடம் மாறியிருப்பார். அடுத்த ஞாயிறே இந்தக் கடைக்கு வந்திருப்போம், சிரித்திருப்போம். என் கை சொன்னதைச் சொல்லாமல் அவர் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் மேசையில் யாருக்கும் அனுமதிக்காத காரியம் அது.

“ரைட் சீட்டுக்கு மாத்திரட்டுமா சார்? ஒரே ஒரு பட்டன்தான்” என்றார் கடைக்காரர். ஒரு தடவை மாற்றிக் காட்டச் சொன்னேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டேன். குரல் முழங்காலை விட்டு எழுந்து நடுவுக்கு வந்து நின்றது. ஒரே ஒரு பட்டன்தான். பழையபடியே வைத்துவிடச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் வைத்தார். ‘1’ எழுதிய பக்கம் மறுபடியும் உள்ளே போனது.

இப்போதும் ஏழேகாலுக்குக் கொணவட்டத்தைத் தாண்டுகிறேன். இடப்பக்க இருக்கையில் என் சாப்பாட்டுப் பை இருக்கிறது. பாட்டு என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, பழகிவிட்டது. சில நாள் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறேன். இறங்கிச் சுற்றிப் போய், பையைப் பின்னால் வைத்துவிட்டு, இடப்பக்கம் உட்காருகிறேன். கைக்குட்டையால் குமிழைத் துடைக்கிறேன். பக்கத்தில் ஸ்டீயரிங் இருக்கிறது, அதன் பின்னால் ஆள் இல்லை. லாரிகள் போகும் சத்தம் அடங்கும்போது குரல் எழுந்து வந்து அவர் காட்டிய இடத்தில் நிற்கிறது. கேட்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் நான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

“நிக்குது பாய்.”